சிலம்பத்தில் வாள் ஏன் கடைசியில் தரப்படுகிறது? தாமிரபரணிக் கரையின் வாள் கலையும் அதற்குப் பின்னால் இருக்கும் தத்துவமும்

சிலம்பம் கத்துக்க வர்ற சின்னப் பசங்க முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாஸ்டர், வாள் எப்ப தருவீங்க?"

திருநெல்வேலிப் பக்கம் அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "ஏல, மொதல்ல காலை ஒழுங்கா வையி. கம்பு பொறவு. வாளு அதுக்கும் பொறவு."

அந்த 'பொறவு' வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். சிலருக்கு வருடங்களே ஆகும். ஏன் இந்தக் காத்திருப்பு? வாளைச் சுழற்றுவது அவ்வளவு கஷ்டமா? இல்லை, இதில் வேறு ஏதாவது இருக்கிறதா?

இது வெறும் கலை ஆர்வக் கேள்வி இல்லை. நெல்லை என்றதும் அல்வாவுக்கு அடுத்தபடியாக அரிவாளைச் சொல்லும் பழக்கம் சினிமாவிலும் மீம்களிலும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதில் பிடிபட்டவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வகுப்பறையிலேயே சக மாணவரை அரிவாளால் வெட்டிய செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது.

இப்படிப்பட்ட ஒரு மண்ணில், பிள்ளைகள் கையில் வாள் கொடுத்துப் பழக்கும் ஒரு கலை எதைச் சொல்லித் தருகிறது? விரிவாகத் தெரிஞ்சுக்கலாம் வாங்க.

மண்ணுக்குள் தலைகீழாக நின்ற வாள்கள்

தாமிரபரணியின் வாள் கதையை ஆதிச்சநல்லூரில் இருந்துதான் தொடங்க வேண்டும். திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூர் போகும் வழியில், சுமார் 24 கிலோமீட்டர் தூரத்தில் ஆற்றின் தென்கரையில் இருக்கிறது இந்த ஊர். இப்போது தூத்துக்குடி மாவட்டம். 1986 வரை பழைய நெல்லை மாவட்டம்.

1876இல் பெர்லினில் இருந்து வந்த ஜாகோர் என்ற அறிஞர் இங்கே முதலில் தோண்டிப் பார்த்தார். அடுத்து 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி பெரிய அளவில் அகழாய்வு செய்தார். முதுமக்கள் தாழிகள், வெண்கலப் பாத்திரங்கள், தங்க நெற்றிப்பட்டங்கள் இவற்றோடு இரும்பு வாள்கள், குத்துவாள்கள், ஈட்டி முனைகளும் கிடைத்தன.

இதில் ரீ குறித்து வைத்த ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. இரும்பு ஆயுதங்கள் கூர்முனை கீழே பார்க்கும்படி இருந்தனவாம். துக்கத்துக்கு வந்தவர்கள் தங்கள் ஆயுதத்தை மண்ணில் குத்தி வைத்துவிட்டுப் போனது போல அது தெரிந்தது என்று அவர் எழுதினார். அதன் அர்த்தம் இன்னதுதான் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஆற்றங்கரையில் ஆயுதத்தை எப்படி வைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு முறை இருந்திருக்கிறது என்பது மட்டும் புரிகிறது.

2004இல் எடுத்த இரண்டு மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்று 2019இல் தெரியவந்தது. அருகே இருக்கும் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2025 ஜனவரி 23 அன்று தமிழ்நாடு அரசு ஆய்வறிக்கை வெளியிட்டது. உலக அளவில் இது இன்னும் விவாதிக்கப்படும் ஒரு காலக்கணக்கு.

சங்க காலத்தில் வாளுக்கு என்ன மரியாதை?

தொல்காப்பியத்தின் புறத்திணை இயலில் 'வாள் மங்கலம்' என்று ஒரு துறை வருகிறது. அரசனின் வாளை நீராட்டிச் சிறப்பிப்பது பற்றியது அது. போருக்குக் கிளம்பும் முன் நல்ல நாள் பார்த்து வாளை அனுப்பி வைப்பதும் தனித் துறையாகவே இருக்கிறது. இன்றைக்கு ஆயுத பூஜை அன்று அரிவாளுக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் வைக்கிறோம் இல்லையா? அந்தப் பழக்கத்தின் மனசு இதில் தெரியும்.

பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் 'தழிஞ்சி' என்று ஒரு துறை. தோற்று ஓடுபவன் முதுகைக் காட்டினால் அவன் மேல் வாளை ஓங்காமல் விடும் வீரத்தை அது பேசுகிறது.

திருக்குறளின் 773ஆவது குறள் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதிரியை அஞ்சாமல் எதிர்ப்பது ஆண்மை. அந்த எதிரிக்கே ஒரு துன்பம் வந்தால் உதவுவதுதான் அந்த ஆண்மையின் கூர்மை என்பது அதன் பொருள். 'கூர்மை' என்பதற்கு வள்ளுவர் பயன்படுத்திய சொல் எஃகு. வாள் செய்யும் அதே எஃகு.

போர் எல்லாமே இந்த நெறிப்படி நடந்தது என்று சொல்லிவிட முடியாது. எதிரியின் ஊரை எரித்ததையும் அதே சங்கப் பாடல்கள் பெருமையாகப் பாடுகின்றன. ஆனால் எங்கே கையை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு தமிழில் பழையது.

1801: வாள் கையை விட்டுப் போன ஆண்டு

சரி, அப்படி இருந்த வாள் எப்படிக் கம்பாக மாறியது?

கம்பு விளையாட்டு அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் வாள் பின்னுக்குப் போனதில் 1801ஆம் ஆண்டுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1801 பிப்ரவரி 2 அன்று அவரும் கூட இருந்தவர்களும் சிறையில் இருந்து தப்பினார்கள். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மண்ணால் திரும்பக் கட்டினார்கள். கம்பெனிப் படை அதைப் பிடிக்க மே 24 வரை ஆனது. நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்.

இந்தப் போரில் கம்பெனி தரப்பில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு சுவாரசியமான தகவல் இருக்கிறது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று அவர் எழுதியிருக்கிறார். கற்றுத் தந்தவரையே எதிர்த்துப் பிறகு போரிட வேண்டி வந்தது.

1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்படும், ஆயுதங்கள் வைத்திருப்பது தடுக்கப்படும் என்பது அதன் சாரம். 1878இல் வந்த ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதை நாடு முழுக்கக் கட்டுப்படுத்தியது.

வாள் போனது. மூங்கில் கம்பை யார் பறிமுதல் செய்வது? மாடு மேய்க்கவும் பாம்பு விரட்டவும் எல்லா வீட்டிலும் இருந்தது. கோயில் கொடையிலும் திருவிழா ஊர்வலத்திலும் 'விளையாட்டு' என்ற பெயரில் கலை தொடர்ந்தது. வாள் வீச்சின் அடவுகளும் கம்போடு சேர்ந்தே வாழ்ந்தன.

ஜப்பானிலும் இதே கதைதான்

இதைப் படிக்கும்போது சாமுராய் படங்கள் ஞாபகத்துக்கு வரலாம். ஒப்பிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

ஜப்பானில் வாள் பயிற்சிக்குப் பல பழைய மரபுகள் உண்டு. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கடோரி ஷிண்டோ ரியூ அவற்றில் மிகப் பழையவைகளில் ஒன்று. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடை செய்தது. ஆதிச்சநல்லூரில் ஜாகோர் தோண்டிய அதே ஆண்டு.

அதற்கு முன்பே அங்கேயும் மூங்கில் வந்திருந்தது. மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய 'ஷினாய்' என்ற பயிற்சி வாளும் உடல் கவசமும் வைத்து ஆடும் முறைதான் இன்றைய கெண்டோ. உறையில் இருந்து வாளை உருவி, வீசி, திரும்ப உறைக்குள் வைப்பதையே தனிக் கலையாகப் பழகுவது இயய்டோ. அதில் பெரும்பாலானோர் பயன்படுத்துவது கூர் இல்லாத உலோக வாள்.

அங்கே முக்கியமான சில கருத்துகள் இவை:

• உயிர் கொடுக்கும் வாள்: 17ஆம் நூற்றாண்டில் யாக்யூ முனெனோரி என்ற வாள் ஆசான் வளர்த்த கருத்து. ஒரு கொடியவனைத் தடுத்துப் பலரைக் காப்பாற்றும் வாளே உயர்ந்தது என்பது இதன் அடிப்படை.

• உறைக்குள்ளேயே வெற்றி: வாளை உருவாமலே சண்டையை முடிப்பவனே உண்மையான வீரன் என்ற எண்ணம்.

• ஜான்ஷின்: அடித்த பிறகும் கவனம் கலையாமல் நிற்பது. கெண்டோவில் புள்ளி எடுத்ததும் குதித்துக் கொண்டாடினால் அந்தப் புள்ளியையே நடுவர் ரத்து செய்ய முடியும்.

கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்ததும் நடக்கும் கொண்டாட்டத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு, கடைசி விதி கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். அதன் காரணம் எளிமையானது. எதிரே நிற்பவர் தோற்றதால்தான் உனக்குப் புள்ளி வந்தது. அவர் முன்னால் ஆடாதே.

நம்ம ஊர்ப் பயிற்சி எப்படிப் போகும்?

ஆசானுக்கு ஆசான் முறை மாறும். ஆனாலும் பொதுவான வரிசை இதுதான்.

1. வணக்கம்: தரையைத் தொட்டுக் கும்பிட்டு, ஆசானுக்கும் எதிரே நிற்பவருக்கும் வணக்கம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். 'சலாம் வரிசை' என்றும் சொல்வார்கள்.

2. காலடி: கையில் எதுவும் இல்லாமல் கால் வைப்பு மட்டும். முன்னே, பின்னே, பக்கவாட்டில், திரும்பி. நான்கு பக்கமும் காலடி வைத்து இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டு வருவதை 'வீடு கட்டுதல்' என்பார்கள்.

3. கம்பு சுற்றுதல்: ஆடுபவரின் நெற்றி அளவுக்கு இருக்கும் மூங்கில் கம்பு. முதலில் ஒரு கை, பிறகு இரண்டு கை. மணிக்கட்டு பழகும் வரை இதுவே தினசரி வேலை.

4. அடியும் தடுப்பும்: ஜோடியாக நின்று ஒருவர் அடிக்க, ஒருவர் தடுக்க வேண்டும். இங்கேதான் தூரம் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் கம்பு நுனி படாது என்பது கண்ணுக்குத் தானாகப் பழகும்.

5. மற்ற ஆயுதங்கள்: மான் கொம்பு, குறுங்கம்பு, வாள், வாளும் கேடயமும், இரட்டை வாள், கடைசியாகச் சுருள் வாள்.

போட்டியில் கம்பின் நுனியால் எதிராளியின் உடலைத் தொடுவதற்குத்தான் புள்ளி. நுனியில் சாயமோ பொடியோ தடவி, உடம்பில் விழுந்த தடத்தை எண்ணுவது பழைய முறை. எலும்பை உடைத்தால் கூடுதல் புள்ளி எல்லாம் கிடையாது. தொட்டுவிட்டு விலகுவதுதான் திறமை.

கம்புக்கும் வாளுக்கும் என்ன வித்தியாசம்?

கம்புக்கு எல்லாப் பக்கமும் ஒன்றுதான். எந்தப் பக்கம் பட்டாலும் அடி அடிதான். வாளுக்கு ஒரு பக்கம் விளிம்பு இருக்கிறது. வீச்சு போகும் திசையும் விளிம்பு பார்க்கும் திசையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் வாள் கையில் திருகிக்கொள்ளும், மணிக்கட்டு சுளுக்கும்.

அதனால்தான் கம்பில் பிடியும் மணிக்கட்டும் பழகாதவர் கையில் வாள் கொடுத்தால், முதல் ஆபத்து எதிராளிக்கு அல்ல, அவருக்கேதான்.

சுருள் வாள் இதைவிடக் கண்டிப்பானது. நீளமான, வளையும் எஃகுப் பட்டை. சிலவற்றில் ஒரே பிடியில் பல பட்டைகள் இருக்கும். கேரளத்தின் களரியில் இதன் பெயர் உறுமி. வீச ஆரம்பித்துவிட்டால் நடுவில் சட்டென்று நிறுத்த முடியாது. வேகம் குறைந்தால் பட்டை திரும்பி ஆடுபவர் காலையே சுற்றும். அதனால் முதலில் துணியையோ கயிற்றையோ வைத்துப் பழக்கிவிட்டுத்தான் பட்டையைத் தொட விடுவார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், வாள் கடைசியில் வருவதற்கு முதல் காரணம் உடல் சம்பந்தப்பட்டது. இரண்டாவது காரணம் மனசு சம்பந்தப்பட்டது.

'அடிக்கத் தெரிஞ்சவனுக்கு எழுப்பவும் தெரியணும்'

நெல்லையின் தெற்கு எல்லையிலும் கன்னியாகுமரியிலும் அடிமுறை என்ற கலை வேரூன்றியிருக்கிறது. அதோடு ஒட்டிப் பிறந்தது வர்மம். உடலில் 108 வர்மப் புள்ளிகள் என்பது மரபுக் கணக்கு. அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம்.

அடிமுறையின் தத்துவம் முழுக்க ஒரே சொல்லில் அடங்கும். அந்தச் சொல் 'அடங்கல்'. வர்மத்தில் அடிபட்டு மயங்கியவரைத் திரும்ப எழுப்பத் தொடும் இடங்களுக்குத்தான் அந்தப் பெயர். ஓர் இடத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று கற்பவர், அந்த அடியை எப்படி இளக்குவது என்பதையும் கற்றாக வேண்டும். போர்க் கலை ஆசான்களே ஊரில் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் வைத்தியம் பார்த்தது இதனால்தான்.

இன்று வர்மம் சித்த மருத்துவப் பாடத்திலும் இடம்பெறுகிறது. 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. (மரபு முறைகளை வைத்து வீட்டிலேயே முயற்சி செய்யாதீர்கள். தலையில் அடிபட்டாலோ மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.)

ஜப்பானின் 'உயிர் கொடுக்கும் வாள்' கருத்தையும் நம்ம ஊர் அடங்கலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. காயப்படுத்தும் அறிவு தனியாக ஒருவர் கைக்குப் போகக் கூடாது. அதோடு பொறுப்பும் சேர்ந்து போக வேண்டும்.

அப்போ வாள் பழகினால் நல்லவராகிவிடலாமா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். 1930களிலும் உலகப் போர்க் காலத்திலும் கெண்டோ பள்ளிப் பிள்ளைகளைப் போருக்குத் தயார் செய்யும் கருவியாக மாறியது. அதனாலேயே 1945க்குப் பிறகு ஆக்கிரமிப்பு நிர்வாகம் அதைப் பள்ளிகளில் தடை செய்தது. 1952இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு உருவாகி, கலைக்கு வேறு முகம் கொடுத்தது. வாளின் நெறிகள் வழியாக மனிதரின் குணத்தைச் செதுக்குவதே கெண்டோ என்று 1975இல் அந்தக் கூட்டமைப்பு எழுதியே வைத்தது. அதே வாள், அதே அடி. சொல்லிக் கொடுத்த நோக்கம்தான் மாறியது.

நம்ம ஊரிலும் வாளுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று, தரையைத் தொட்டுக் கும்பிட்டு எடுக்கும் வாள். இன்னொன்று, சாதிப் பெருமை பேசும் ஃபிளக்ஸ் பேனரிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வரும் வாள். முதல் வாளுக்கு எதிரே நிற்பவர் கூட்டாளி. அவர் இல்லாமல் பயிற்சியே கிடையாது. இரண்டாவது வாளுக்கு எதிரே நிற்பவர் பகையாளி மட்டுமே.

2024 ஜூனில் நீதிபதி சந்துரு குழு தந்த அறிக்கை, பள்ளிகளில் சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்றவை கூடாது என்று பரிந்துரைத்தது. சிலம்பக் களத்துக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே மண்ணைத் தொட்டு, ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லி, ஒருவர் அடியை ஒருவர் தாங்கிப் பழகினால் அந்த வணக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் கூடிக் கம்பு சுற்றினால், எவ்வளவு அழகாகச் சுற்றினாலும் அந்தப் பாடத்தில் பாதி போய்விடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரீல்ஸ் போடும் இளைஞர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்.

• 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பது துப்பாக்கி மட்டும் இல்லை. கூர்மையான ஆயுதங்களும் அடங்கும்.

• 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவையும், 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு கொண்ட கத்திகளும் வருகின்றன. வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவை இதில் சேராது.

• அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

• பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டி வீடியோ போட்டவர்கள் மீது தமிழ்நாட்டில் பல இடங்களில் வழக்கு பதிவாகியிருக்கிறது. 'சும்மா ஜாலிக்கு' என்ற பதில் காவல் நிலையத்தில் எடுபடாது.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடி அதிரடிச் சோதனை நடத்தியது. அப்போது அரிவாள், கத்தி விற்கும் பட்டறைகளும் கடைகளும் வாங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அறிவுறுத்தப்பட்டது.

அதனால் சிலம்பக் கூடங்கள் பொதுவாகக் கூர் தீட்டாத வாள்களையே பயிற்சிக்கு வைத்திருக்கின்றன. நிகழ்ச்சிக்கு ஊர்வலமாகப் போகும்போது காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது. பயிற்சி ஆயுதம் கூடத்திலேயே, ஆசானின் பொறுப்பில் இருக்க வேண்டும். மாணவர் வீட்டுக்கு எடுத்துப் போகும் பொருள் அது அல்ல.

இன்றைக்கு என்ன நிலை?

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம் என்றே சொல்லலாம். அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இடஒதுக்கீட்டில் 2021இல் சிலம்பமும் சேர்க்கப்பட்டது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நகரங்களில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

ஒலிம்பிக்கில் இருக்கும் வாள் விளையாட்டான ஃபென்சிங்கிலும் தமிழ்நாட்டுக்குப் பெருமை உண்டு. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி, டோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை. பள்ளியில் கற்கத் தொடங்கியபோது வாள்கள் போதுமான அளவு இல்லாததால் மூங்கில் குச்சியை வைத்துத்தான் பயிற்சி எடுத்தார். சுற்றிச் சுற்றி மூங்கிலிடமே வந்து நிற்கிறோம் பாருங்க.

அங்கீகாரம் வந்ததில் ஒரு சின்னக் கவலையும் இருக்கிறது. சான்றிதழும் மார்க்கும் இருக்கும் இடத்தில் அவசரமும் வரும். ஆறு மாதத்தில் 'எல்லா ஆயுதமும்' கற்றுத் தருகிறோம், கண்ணைக் கட்டி வாள் சுழற்றி உலக சாதனை செய்யலாம் என்ற விளம்பரங்கள் பெருகுகின்றன. வேகமாகக் கற்க முடியும்தான். ஆனால் காத்திருப்பதே பாடம் என்று வைத்திருந்த கலையில், காத்திருப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இரும்பு மட்டும்தான்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

• முதல் நாளே வாளோடு ஃபோட்டோ எடுத்துத் தருகிறார்களா? அப்படியானால் கொஞ்சம் யோசியுங்கள்.

• காலடிக்கும் கம்புக்கும் எவ்வளவு காலம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள்.

• பயிற்சி வாள்கள் கூர் இல்லாதவையா, எங்கே பூட்டி வைக்கிறார்கள் என்று பாருங்கள்.

• ஜோடிப் பயிற்சியில் தலைக் கவசம் போடுகிறார்களா? சுற்றி நிற்பவர்கள் போதுமான தூரத்தில் இருக்கிறார்களா?

• முதலுதவிப் பெட்டி இருக்கிறதா? ஆசானுக்கு முதலுதவி தெரியுமா?

• எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் வருகிறார்களா? பெண் பிள்ளைகளுக்கும் அதே ஆயுதம், அதே பயிற்சி தருகிறார்களா?

• ஒரு பிள்ளை தோற்றுப்போனால் மற்றவர்கள் சிரிக்கும்போது ஆசான் என்ன செய்கிறார்? இதை மட்டும் ஒரு நாள் ஓரமாக நின்று பாருங்கள். அந்தக் கூடத்தைப் பற்றி வேறு எதுவும் விசாரிக்க வேண்டாம்.

கடைசியாக...

கோபம் வந்தவன் கைக்கு அரிவாள் போய்ச் சேர அரை நிமிடம் போதும். சிலம்பக் கூடத்தில் ஒரு பிள்ளை கைக்கு வாள் போய்ச் சேர வருடக்கணக்காகிறது. அந்த இடைவெளியில் அவன் ஆயிரம் முறை தரையைத் தொட்டுக் கும்பிட்டிருப்பான். எதிரே நிற்பவனிடம் நூறு முறை அடி வாங்கியிருப்பான், வலி என்னவென்று தெரிந்திருக்கும். நுனி எங்கே போய் நிற்க வேண்டும் என்று கை பழகியிருக்கும்.

"மாஸ்டர், வாள் எப்ப தருவீங்க?" என்று அவன் கேட்பதை நிறுத்திய பிறகுதான் பெரும்பாலும் வாள் கைக்கு வரும். அதற்குள் அவனுக்கே புரிந்திருக்கும், அதை வீசக் கற்பதைவிட வீசாமல் வைத்திருக்கக் கற்பதுதான் பெரிய வேலை என்று.